கொறங்காடும் கம்பஞ்சோறும்

பல்லடத்திலிருந்து காங்கயம் செல்லும் திருச்சி நெடுஞ்சாலையில், பொங்கலூரைத் தாண்டிக் கிழக்கே போகிறவர்கள் கிளுவை வேலி சூழ்ந்த மேட்டு நிலங்களை ஆங்காங்கே காணலாம். உள்ளே பயிர் இராது. நான்கைந்து வெள்வேல மரங்களும், காய்ந்த புல்லும், சில எருமைகளோ செம்மறிகளோ தென்படும். வெளியூர் அன்பர்கள் இவற்றைத் தரிசு என்று எண்ணிச் செல்வது வழக்கம். அவை தரிசல்ல, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள். பெரும்பாலும் குடியானவர்களின் சொந்தப் பட்டா நிலங்களே. இவ்வட்டாரத்தின் உணவும் உழவும் எப்படி ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை அறிய விரும்புவோர் இந்த வேலிக்குள்ளிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைத் தொடரில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையுடன் நம்மிடம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையே நமக்கு முக்கிய ஆதாரம். ஆண்டு முழுதும் பெய்வதைக் கூட்டினாலும் சுமார் 600 மில்லிமீட்டர்தான். இராஜஸ்தானத்து ஜெய்சால்மர்ப் பக்கத்தில் 200 மில்லிமீட்டர்கூட எட்டுவதில்லை. அதனோடு ஒப்பிட்டால் நாம் செல்வந்தரே. ஆயினும் அந்தப் பாலைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் கொழுக்கட்டைப் புல்லையே அங்கே அஞ்சன் என்று சொல்லி ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலாக்குகின்றனர். நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரமே அங்கே கேஜ்ரி. அதன் தழை ஆட்டுக்கு. சாங்கரி எனப்படும் பிஞ்சுக் காய் மனிதருக்குக் கறி. வெட்ட வந்தவர்களைத் தடுத்து, 1730-ல் கேஜர்லி என்ற ஊரில் 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் கொடுத்தது இந்த மரத்திற்காகவே. அவர்களுக்கும் அன்றாட உணவு கம்பு ரொட்டிதான். மழை குறைந்த நாட்டில் மரமும் புல்லும் கம்பும் ஒரே குடும்பத்தினர் போலும்.

கொறங்காட்டின் அமைப்பு எளியது. கிளுவைக் கொம்புகளை ஒடித்து நெருக்கமாக ஊன்றினால் அவையே தழைத்து உயிர்வேலியாகின்றன. கம்பியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். உள்ளே கொழுக்கட்டைப் புல், மழை கண்டதும் துளிர்த்து, வறண்டாலும் வேர் மடியாமல் கிடக்கும். கோடையில் புல் தீர்ந்த சமயம் வெள்வேல மரம் காயை உதிர்த்து ஆடுகளைக் காக்கிறது. நிலத்தைப் பல பட்டிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வளிப்பது முறை. காங்கயம் காளைக்குப் பெயர் வாங்கித் தந்த பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணையின் மாடுகளும் இத்தகைய மேய்ச்சலில் வளர்ந்தவையே.

அந்தக் காளைதான் கவலை இறைத்தது, ஏர் இழுத்தது, எருவும் கொடுத்தது. அந்த எருவில் கம்பும் சோளமும் கொள்ளும் விளைந்தன. சோளத்தின் கதிர் வீட்டுக்கு, தட்டு மாட்டுக்கு. கம்பஞ்சோற்று உருண்டையை இரவில் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்துவிட்டு, குடியானவர் காட்டுக்கும் நெசவாளர் தறிக்கும் போயினர். தட்டில் இருந்ததும் பட்டியில் இருந்ததும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இந்தக் கணக்கை ஒருவரே குலைத்தார் என்று சொல்வது நியாயமன்று. 1932-ல் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்சாரம் கிணற்றடிக்கு வந்ததும், கவலை மாட்டுக்கு வேலை குறையத் தொடங்கிற்று. பின்னர் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் நம் நிலங்களுக்குத் தண்ணீர் தந்தது. அதுவும் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத் தருவதாகையால், முறையில்லாத காலத்தில் கிணறும் ஆழ்துளையுமே கதி. நியாய விலைக் கடையில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது. ஏழைக் குடும்பத்திற்கு அது பேருதவி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் வேறொரு காரணத்தைப் பலரும் பேசுவதில்லை. கம்பஞ்சோறு பெண்களின் தோள்வலியில் வெந்த சோறு. கம்பில் நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டுக் குத்தி, உமி புடைத்து, மீண்டும் இடித்து, நொய்யையும் மாவையும் பிரித்து, பிறகே உலை. காலை எட்டு மணிக்குப் பனியன் கம்பெனியின் வேனில் ஏறும் பெண்ணிடம் போய் உலக்கையை எடு என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. பழமையைப் போற்றிப் பேசும் மேடைகளில் உலக்கை பிடித்த கைகளைக் காண்பது அரிது.

மாவாக விற்றால் ஆகாதா எனில், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு. தானியமாக இருக்கும்வரை கெடுவதில்லை. அரைத்துவிட்டாலோ காற்றுப் பட்டுச் சில நாட்களிலேயே காறல் வாடையும் கசப்பும் ஏறும். கடையில் நாட்பட்ட மாவை வாங்கிக் களி கிண்டியவர், கம்பே கசப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். குற்றம் தானியத்தினுடையதன்று, நாளினுடையது. இழந்தது சுவை மட்டுமன்று. 100 கிராம் கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராம் அளவு உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராமுக்கும் குறைவு.

இன்றும் நம் காடுகளில் சோளம் விதைக்கிறோம். ஆனால் நெருக்கி விதைத்துத் தட்டுக்காக அறுக்கிறோம். கதிரை நாடுவார் சிலரே. உண்பவர் இல்லாத தானியத்தை எவர் விளைவிப்பார்? மாடும் குறைந்தபின் கொறங்காட்டை வைத்திருப்பவருக்கு, மனையிடம் கேட்டு வருகிறவரின் விலை பெரிதாகத் தெரிகிறது. வேலி பிடுங்க ஒரு பகல் போதும். கிளுவை அடர்ந்து ஆடு நுழையா வேலியாகப் பல ஆண்டுகள் வேண்டும்.

நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யக்கூடியது இங்கேதான் என நாம் கருதுகிறோம். 1887-ல் கோயம்புத்தூர் ஜில்லா விவர நூலை எழுதிய நிக்கல்சன் துரையே, 1895-ல் கூட்டுறவுக் கடன் முறையைச் சென்னை அரசுக்குப் பரிந்துரைத்தவர் என்பதை அங்கத்தினர்கள் நினைவில் கொள்ளலாம். சங்கத்திற்குச் சொந்தமாக உமி நீக்கும் இயந்திரம் ஒன்று. கம்பை முழுத் தானியமாகவே இருப்பு வைத்து, வாரம் ஒருமுறை, பதிவு செய்த அளவுக்கு மட்டும் உடைத்துத் தருதல். அரைத்த தேதியைப் பையிலேயே எழுதுதல். விதைப்புக்கு முன்பே இத்தனை நெசவாளர் குடும்பங்கள் இத்தனை கிலோ வாங்கும் என்று எழுதி வாங்கினால், விளைவிப்பவருக்கும் துணிவு வரும். உலக்கையின் வேலை இயந்திரத்துக்குப் போகட்டும். சோறு வீட்டுக்கு வரட்டும்.

புதிதாகக் கொழுக்கட்டைப் புல் விதைக்க நினைப்போர்க்கு ஒரு குறிப்பு. அறுத்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதங்கள் உறக்க நிலையில் இருக்கும் விதை அது. மேலும் பஞ்சு போன்ற விதையாதலால் காற்றில் பறந்துவிடும். செம்மண்ணும் சாணமும் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி, நிழலில் உலர்த்தி, மழைக்கு முன் தூவுதல் நன்று.