வாத்துருத்தி மாமா

கொச்சியில் வாத்துருத்தி என்று ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள் பல காலமாகத் தங்கும் இடம் அது. என் மாமாவும் அங்கேதான் இருக்கிறார். காங்கிரீட் வேலை. பொங்கலுக்கு வந்தபோது ஒரே புலம்பல்.

"வங்காளத்துப் பையன்கள் வந்துட்டாங்க. குறைச்ச கூலிக்குப் போறாங்க. நம்ம பிழைப்பு போச்சு."

"நீங்க முதல்ல போனப்போ மலையாளத்துக்காரங்க என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டேன்.

மாமா சிரித்துவிட்டார். "இதையேதான் சொன்னாங்க!"

கேரளத்துக்கு வெளியாட்கள் ஏன் போனார்கள்? 1970-களில் கேரளத்து ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கிருந்து பணம் வந்தது. ஊரெல்லாம் புது வீடுகள் எழுந்தன. கட்ட ஆள் போதவில்லை. கூலி ஏறியது. தமிழர்கள் போனார்கள். பிறகு வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்தும் வந்தார்கள்.

இத்தனை பேர் வந்ததால் கூலி விழுந்துவிட்டதா? ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். 2022-23-ல் கேரளக் கிராமங்களில் கட்டட வேலை செய்த ஆணுக்கு நாள் கூலி சராசரி 852 ரூபாய். இந்தியா முழுவதற்கும் சராசரி 393 ரூபாய்தான்.

அப்படியானால் மாமா சொன்னது பொய்யா? பொய்யில்லை. ஒரு கணக்குப் போடுவோம். காண்ட்ராக்டர் ஓர் ஆளுக்கு 900 ரூபாய் வாங்குகிறார். மாமாவுக்கு 800 தருகிறார். புதுப் பையனுக்கு 600 தருகிறார். மறுநாள் யாரைக் கூப்பிடுவார்? பையனைத்தான். மாமா வீட்டில் இருப்பார். பையனுக்குக் குறைந்த 200 ரூபாய் யார் பையில் இருக்கிறது?

வெளிமாநிலத்திலிருந்து காண்ட்ராக்டர் கூட்டிவரும் ஆட்களுக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு மற்றவர்களுக்குத் தரும் கூலியையே இவர்களுக்கும் தர வேண்டும் என்றது. ஆனால் தானாக ரயிலேறி வந்த பையன் அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

வீட்டு விஷயம் இன்னும் மோசம். மாமாவின் அறைக்கு மாதம் 4,000 ரூபாய் வாடகை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அதே அறையில் 8 பேரை வைத்தார். தலைக்கு 800 ரூபாய். அந்த 8 பேருக்கும் ஒரே கக்கூஸ். மாமாவுக்குக் கோபம் அந்தப் பையன்கள் மேல்!

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் 2019-ல் கேரள அரசு ஒரு விடுதி திறந்தது. பெயர் 'அப்னா கர்'. நம் வீடு என்று பொருள். 620 வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கலாம். தேவையோ மிக அதிகம்.

பேசிப் பாருங்கள்:

மாமாவின் அறையில் வீட்டுக்காரருக்கு இப்போது மாதம் எவ்வளவு கிடைக்கிறது? முன்பைவிட எவ்வளவு கூடுதல்?

உங்கள் ஊருக்கு வந்த வெளியாட்களுக்கு என்ன கூலி? அதே வேலைக்கு உங்களுக்கு என்ன கூலி? அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.