மெல்ல மூச்சு விடுவோம்

மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கப்பலூர். வயலும் உண்டு; பஞ்சாலையும் தொழிற்பேட்டையும் உண்டு. ஒரே வீட்டில் ஒருவர் கழனிக்கும் மற்றொருவர் இரவு ஷிப்டுக்கும் செல்வதை இங்கே காணலாம். அவ்வூர் மகளிர் குழுக் கூட்டமொன்றில் உடல்நலம் பற்றிய பேச்சு எழுந்தபோது மூதாட்டி ஒருவர், “ஐயா, தினமும் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?” என்று வினவினார். இதற்குரிய விடையைப் பலரும் அறிதல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

மூச்சின் கணக்கு

வளர்ந்த ஒருவர் ஓய்வாயிருக்கையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சில் உட்செல்லும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் மூச்சுக் குழாய்களிலுமே நின்றுவிடும். எஞ்சியதே நுரையீரலின் காற்றறைகளை அடைந்து இரத்தத்துக்குப் பிராணவாயுவை அளிக்கிறது.

மடையைத் திறக்குந்தோறும் காய்ந்த வாய்க்கால் தன் பங்கை முதலில் குடித்துவிடுகிறது. அடிக்கடி சிறிது சிறிதாகத் திறந்தால் வயலுக்குக் கிட்டும் நீர் குறைவே. மூச்சும் அத்தகையதே. 250 மில்லிலிட்டர் வீதம் 20 முறை இழுத்தால் 5 லிட்டர் காற்றில் 2 லிட்டரே காற்றறைகளைச் சேரும். 500 மில்லிலிட்டர் வீதம் 10 முறை இழுத்தால் அதே 5 லிட்டரில் மூன்றரை லிட்டர் சேரும்.

இதயத்துக்கு ஓய்வு

மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலே இதற்குக் காரணம். மேலும், கழுத்திலும் இதயத்தருகிலும் உள்ள பெரிய இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. நிமிஷத்துக்கு 6 முறை என மூச்சு மெதுவாகும்போது இவை நன்கு வேலை செய்கின்றன.

இத்தாலி நாட்டவர் நடத்தி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜெபமாலை செபிப்போருக்கும் யோக மந்திரம் ஓதுவோருக்கும் மூச்சு இந்த அளவுக்கே குறைந்தது தெரியவந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இரத்த அழுத்த நோயாளிகள் 23 பேர் நிமிஷத்துக்கு 6 மூச்சாக 5 நிமிஷம் பயின்றனர். உடனே அவர்களுடைய நாடித் துடிப்பும் மேல் அழுத்தமும் குறைந்தன என 2011-ல் வெளியான கட்டுரை கூறுகிறது.

மாத்திரையை விடலாமா?

கூடாது. 5 நிமிஷப் பயிற்சியில் கண்ட இறக்கம் நாள் முழுவதும் நிலைக்கும் என எண்ணுதல் தவறு. இரத்த அழுத்தம் வலியின்றியே வளரும். பின்னர் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு ஆகியவற்றில் கொண்டுபோய் விடும். மூச்சுப் பயிற்சி மருந்துக்குத் துணையேயன்றி மாற்றாகாது. 2021-ல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீடு தேடிக் கொணர்வதற்கென்றே வகுக்கப்பட்டது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு.

பயிலும் முறை

நிமிர்ந்து அமர்ந்து வயிற்றின்மீது கை வையுங்கள். 4 எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். வயிறு மெல்ல உயரட்டும். 6 எண்ணும்வரை வெளியே விடுங்கள். காலையும் மாலையும் 5 நிமிஷம் போதும். மூச்சை அடக்க வேண்டா. தலை சுற்றினால் நிறுத்திவிடுக. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் பயிற்சியில் காலங்கடத்தாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க. பஞ்சுத் தூசியில் பணிபுரிவோர் முகக் கவசத்தைக் கைவிடலாகாது. தூசியை உள்ளே இழுத்துச் செய்யும் பயிற்சியால் பயனில்லை.

இவற்றை எடுத்துரைத்தபோது அம்மூதாட்டி, “அப்படியானால் இரண்டையும் செய்கிறேன்” என்றார். நாம் கூற விரும்புவதும் அதுவே. காசு செலவில்லாத இப்பயிற்சியை ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்வதாக, மாத்திரையையும் மறவாதிருப்பதாக.