நோய்க்காலத்தில் முதியோர் பேணல்

முதியோரைப் பேணுதல் என்றவுடன் உணவும் மருந்தும் படுக்கையுமே நினைவில் எழுகின்றன. பேணப்படுபவர் யார் என்னும் வினா பின்னரே எழுகின்றது, சிலவிடத்து எழுவதேயில்லை. இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்துத் தோம் கிற்வுட் என்பார் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வொழுங்கினை மாற்றியமைத்தார். மறதிநோய் உற்றாரிடத்தும் ஆளே முதன்மை, நோய் பின்னது என்பது அவர் கொள்கை. ஆறுதல், பற்று, கூடியிருத்தல், செய்தொழில், தன்னடையாளம் ஆகிய ஐந்தனையும் அன்பைச் சூழ்ந்த பூவிதழ்களாக அவர் வரைந்து காட்டினார்.

2020 ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்று இக்கொள்கையைக் கடுஞ் சோதனைக்குள்ளாக்கியது. நெதர்லாந்து அவ்வாண்டு மார்ச் 20 இல் முதியோர் இல்லங்களின் வாயிலை அடைத்தது. தனிமையும் முதியோரை வாட்டுதல் கண்டு, மே 11 முதல் 26 இல்லங்களில் ஒருவர்க்கு ஓர் உறவினர் வந்துசெல்ல இடமளித்துப் பார்த்தது.

நம் நிலை வேறு. இறம்பொடை போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளில் முதியோர் இல்லமாவது பெரும்பாலும் லயத்துக் காம்பராவே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறையினர் வாழுங்கால் விலகியிருப்பது யாங்ஙனம்? ஊரடங்கிலும் கொழுந்தெடுத்தல் தொடர்ந்தது. இளையோர் மலைக்கேகினர், முதியோர் அறையில் எஞ்சினர். தொற்றுற்றாரைப் பிரித்து வைக்க 1897 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துணை நின்றது. பம்பாயிற் கொள்ளைநோய் பரவிய நாளில் எழுந்த அச்சட்டம் உடலைப் பிரித்து வைக்கும் வகை கூறும். பிரிக்கப்பட்டவர் இன்னார் என அறிதல் பேணுவோர் கடன்.

நாற்பதாண்டு கொழுந்தெடுத்த மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பிரட்டுக்குத் தப்படித்த காலத்துப் பழக்கத்தால் விடியுமுன் எழுந்து வாயிலை நோக்கி நடப்பார். அறியாதார் அதனைச் சித்தக்கலக்கம் என்று கருதிப் படுக்கையிற் கிடத்துவர். அறிந்தாரோ சாயத்தண்ணீர் ஒரு கோப்பை கொடுத்து வாயிலருகே இருத்துவர். விரல்கள் ஓயாது கிள்ளுமாயின், ஆய்வதற்குக் கீரைக்கட்டொன்று போதும். கிற்வுட் செய்தொழில் என்றது இதனையே. செக்ரோலில் நெடுங்காலம் இலக்கமாயிருந்தவரைப் படுக்கை இலக்கத்தால் அழைப்பது எத்துணைக் கொடுமை! தமிழன்றி வேறறியாதவர் சிங்களம் மட்டும் வழங்கும் விடுதியில் நோவினைச் சொல்ல வாயிருந்தும் ஊமையாவர். முகக்கவசம் உதடுகளை மறைப்பதால், செவிமந்தமானார்க்குத் தம்மொழிப் பேச்சும் எட்டாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. அழைக்கும் பெயர், பேசும் மொழி, விரும்பும் உணவு, துயிலும் நேரம், அஞ்சுவன, வழிபாடு ஆகியவற்றை அரைத்தாளில் எழுதிக் கிளினிக் அட்டையுடன் இணைத்துவிட்டாற் போதும். விடுமுறை நாளில் லயந்தோறும் சென்று மாணவர் இதனை எழுதலாம். சிங்களத்திற் பெயர்த்தெழுதப் பழைய மாணவர் உளர்.