படக்காட்சியில் பின்னணி ஒலி எழாமையும் அதற்குரிய சோதனைகளும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ்வழிக் கல்வி அளிக்கும் பள்ளிகள் பல உள்ளன. கேரளத்தின் அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளமும், அதனுடன் லிபர் ஆபீசைச் சேர்ந்த இம்பிரஸ் என்னும் படக்காட்சி மென்பொருளும் வழங்குகின்றன. 2018 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம், 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் பிராஜெக்டரும் ஒலிபெருக்கியும் அளிக்கும் நோக்குடையதாயிருந்தது. இனி, எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியிலோ போடியிலோ உள்ள ஆசிரியர் ஒருவர், விண்டோஸ் கணினியில் பவர்பாயிண்ட் கொண்டு தமிழ்ப் பாடம் ஒன்றை ஆக்கி, அதனைப் பென் டிரைவில் அனுப்புவதாகக் கொள்வோம். அங்கே நன்கு ஒலித்த அக்கோப்பு கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ திறக்கப்படும்போது, படங்கள் வரிசையாகத் தோன்றும். ஒலி மட்டும் எழாமற்போதல் உண்டு.

பின்னணியில் இசை மட்டுமே இருப்பின் இழப்பு சிறிதே. ஆனால், செய்யுளின் ஓசையையும் ழகர, ளகர வேறுபாட்டையும் செவிவழியே உணர்த்தக் கருதிய பாடத்தில் ஒலியே பாடமாகும். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நோய்த்தடுப்பைப் பற்றிக் காட்சி நடத்தும் கள ஊழியரின் நிலையும் இதுவே. எழுத்தறியாதார்க்குத் திரையில் உள்ள வாசகம் பயன்படாது. விளக்கவுரையின் குரலையே அவர்கள் நம்பியிருப்பர்.

குறையைத் தேடுமுன் அது கருவியில் உள்ளதா, கோப்பில் உள்ளதா எனப் பிரித்தறிதல் வேண்டும். வி.எல்.சி. போன்ற இயக்கியில் வேறொரு பாடலை ஒலிக்கச் செய்தால் இது விளங்கிவிடும். அதுவும் ஒலிக்கவில்லையெனில் படக்காட்சியைக் குறைகூறுதல் வீண். எச்.டி.எம்.ஐ. கம்பியால் பிராஜெக்டரை இணைத்தவுடன், கணினி தன் ஒலியை அக்கம்பியின் வழியே அனுப்பத் தொடங்குவதுண்டு. பிராஜெக்டரில் ஒலிபெருக்கி இல்லையெனில், அல்லது அதன் ஒலியளவு குறைக்கப்பட்டிருப்பின், ஓசை அங்கேயே அடங்கிவிடும். அமைப்புகளில் 'சவுண்டு' என்னும் பகுதியைத் திறந்து, வெளியீட்டுக் கருவியாக மேசைமேலுள்ள ஒலிபெருக்கியைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். பழைய வி.ஜி.ஏ. கம்பியோ படத்தை மட்டுமே கொண்டுசெல்லும்; அதற்கு ஒலிபெருக்கியைத் தனியே இணைத்தே தீரவேண்டும்.

கருவி செவ்வையாக இருந்தும் காட்சி ஊமையாயின், ஒலி அக்கோப்பினுள் உண்மையில் இருக்கின்றதா என்று நோக்கவேண்டும். படக்காட்சிக் கோப்பு ஒலியை இருவகையில் ஏற்கும். ஒன்று, ஒலி முழுவதையும் தன்னுள் பொதிந்துகொள்வது. மற்றொன்று, ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்வது. முகவரி மட்டும் இருப்பின், ஆக்கியவரின் கணினியில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். பொள்ளாச்சியிலுள்ள கணினியின் 'சி' வட்டில் கிடக்கும் பாடலை மறையூர்க் கணினி எங்ஙனம் எடுக்கும்? பவர்பாயிண்டின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் எம்.பி.3 பாடல்கள் முகவரியாகவே இணைந்தன. வேவ் வகை ஒலியும், இயல்பான அமைப்பில் 100 கிலோபைட்டுக்கு மேற்பட்டால் உள்ளே பொதியப்படவில்லை. 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் பொதிதல் இயல்பாயிற்று. பழைய காட்சிகளைக் கையாள்வோர் இதனை மறத்தல் கூடாது.

கோப்பின் பருமனே இதற்கு எளிய சான்று. நொடிக்கு 128 கிலோபிட்டு வீதத்தில் அமைந்த நான்கு நிமிட எம்.பி.3 பாடல் ஏறத்தாழ 4 மெகாபைட்டு இருக்கும். குறுந்தகட்டுத் தரத்திலுள்ள வேவ் ஒலியாயின் 42 மெகாபைட்டு. காட்சிக்கோப்பு முழுவதுமே 600 கிலோபைட்டு எனில் அதனுள் அப்பாடல் இருத்தல் இயலாது. ஐயம் தீர வேண்டுமாயின், கோப்பின் படியொன்றை எடுத்து அதன் பெயரிறுதியை 'ஜிப்' என மாற்றித் திறந்து, 'மீடியா' என்னும் உறையில் ஒலிக்கோப்பு உண்டா என்று காணலாம்.

ஒலி எத்தனை சிலைடுகளுக்கு நீளவேண்டும் என்பதே அடுத்த சிக்கல். பவர்பாயிண்டில் 'பிளே இன் பேக்கிரவுண்ட்' என்பதைத் தேர்ந்தால் ஒலி காட்சி முழுதும் தொடரும். இம்பிரஸில் 'இன்சர்ட்' பட்டியலின் வழியே செருகிய ஒலி, தான் உள்ள சிலைடு மறைந்ததும் நின்றுவிடும். தொடர்ந்து ஒலிக்கவேண்டுமாயின், முதற்சிலைடின் மாற்ற அமைப்பில் 'சவுண்டு' என்னுமிடத்தில் ஒலியை இணைத்தல் வேண்டும். அப்போது 'எல்லாச் சிலைடுகளுக்கும்' என்னும் பொத்தானை அழுத்திவிட்டால், ஒவ்வொரு சிலைடிலும் பாடல் தொடக்கத்திலிருந்தே மீண்டும் ஒலிக்கும். சிலைடுதோறும் பாடல் முதலடிக்கே திரும்புவதாகக் கூறப்படும் குறைக்கு இதனையே முதலில் ஐயுறவேண்டும். ஒலி எங்கே முடியவேண்டுமோ, அந்தச் சிலைடில் முந்தைய ஒலியை நிறுத்தும் அமைப்பைத் தேர்க.

இங்ஙனம் மாற்றத்துடன் இணைத்த ஒலி முகவரியாகவே நிற்பதுண்டு. ஆதலின் பொதிந்துவிட்டதென நம்பியிருத்தல் தகாது. காட்சிக்கோப்பையும் ஒலிக்கோப்பையும் முதலிலேயே ஒரே உறையில் வைத்து, அதன்பின் இணைத்து, அவ்வுறையை அப்படியே கொண்டுசெல்லுதல் நன்று. லினக்ஸ் கணினி ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே கருதும். விண்டோஸில் பொருட்படுத்தப்படாத ஓர் எழுத்து வேறுபாடு, இங்கே கோப்பைக் காணாமற்செய்துவிடும்.

உள்ளேயே இருந்தும் ஒலிக்காத ஒலியும் உண்டு. கைப்பேசியில் பதிந்த குரல் எம்.4.ஏ. வகையாகவோ, வாட்ஸாப்பில் வந்தது ஓபஸ் வகையாகவோ இருக்கலாம். அவ்வகையை விரிக்கும் துணைநிரல் கணினியில் இல்லையெனில் ஓசை எழாது. அடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அதனைத் திறந்து, வேவ் வகையாக மாற்றிக்கொள்ளலாம். நீண்ட விளக்கவுரைக்கு எம்.பி.3 சிக்கனமானது. அதன் காப்புரிமைகள் 2017 ஆம் ஆண்டளவில் காலாவதியானமையின், லினக்ஸ் கணினிகளில் அதற்கு முன்னிருந்த தடைகளும் பெரிதும் நீங்கின.

வகுப்பு கூடிவிட்டது, கோப்பைத் திருத்த நேரமில்லை என்னும் நிலையில், ஒலிக்கோப்பு கையில் இருப்பின், வி.எல்.சி.யில் அதனைத் தனியே ஒலிக்கவிட்டு, இம்பிரஸில் சிலைடுகளைக் கையால் நகர்த்தலாம். விளக்கவுரையாயின் ஒவ்வொரு சிலைடுக்கும் உரிய இடத்தை நிமிட, நொடிக் கணக்கில் ஒரு தாளில் முன்னரே குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். குரல் முந்திச் சென்றால் வி.எல்.சி.யை நிறுத்திப் படத்தை அதனுடன் சேர்த்துக்கொள்வது எளிது.