ஓடியாடும் பிள்ளைகளின் குதிகால் வலி

8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள், ஓட்டமும் கால்பந்தும் கபடியும் மும்முரமாய்ப் பழகிவரும் பருவத்தில், ஆட்டம் முடிந்ததும் குதிகாலை ஊன்றாமல் நொண்டிக்கொண்டு வீடு வந்தால், அதைச் சாக்கென்று எண்ணிக் கடிந்துகொள்வது பெரும் அநியாயம். குதிகால் எலும்பின் பின்புறத்தில் இன்னும் முற்றாதிருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பைக் கெண்டைக்கால் தசையின் நார் ஓயாது இழுப்பதாலும், கட்டாந்தரையில் குதிக்கும் அதிர்ச்சியாலும் விளையும் இந்த வேதனைக்கு, 1912-இல் அதனை விவரித்த அமெரிக்க வைத்தியர் சீவரின் பெயரே இன்றும் வழங்குகிறது. குதிகாலின் இரு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து அழுத்தும்போது பிள்ளை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால், பெரும்பாலும் இதுவே காரணம்.

செலவு மிகுந்த உபாயம் எதுவும் அவசியமில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் குதிகால் மெத்தையை, வலி ஒரு காலில் மட்டுமே இருந்தாலும், இரண்டு ஷூக்களிலும் வைக்க வேண்டும். இல்லையேல் ஒரு பக்கம் உயர்ந்து, இடுப்பும் முழங்காலும் சிரமப்படும். வைத்தபின் பிள்ளையை நடக்கவிட்டு, குதிகால் ஷூவைவிட்டு வழுக்கி எழும்புகிறதா என்று கவனியுங்கள். எழும்பினால் மெத்தையின் கனம் அதிகம். அடி தேய்ந்து பின்புறம் தளர்ந்த ஷூவில் எந்த மெத்தையும் வீண்.

சில வாரம் ஆட்டத்தைக் குறைப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிஷம் ஒற்றுவதும், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டிப் பழகுவதும் உடன் நடக்கட்டும். வீக்கமோ காய்ச்சலோ, உறக்கத்தைக் கெடுக்கும் இரவு வலியோ கண்டால், தாமதியாமல் எலும்பு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.