நாவலின் முதல் பிரதியை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கடைசி வரியை எழுதி முடித்த இரவே நாவலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். முதல் பிரதி குறைந்தது 6 வாரமாவது இழுப்பறையில் கிடக்க வேண்டும் என்பது அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் கணக்கு. 2000-ல் வந்த ‘ஆன் ரைட்டிங்’ நூலில் சொல்கிறார். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் மூன்று வாரமாவது விடுங்கள். பிறகு எடுத்து நீங்களே ஒருமுறை படியுங்கள். உங்கள் கண்ணுக்கே படுகிற ஓட்டைகளை அடைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கே தெரிந்த பிழையை இன்னொருவர் வாயால் கேட்பதற்கு அவருடைய ஒரு வார நேரத்தைச் செலவழிப்பது நியாயமில்லை.

அடுத்து, ஆள் தேடல். வீட்டாரை விட்டுவிடுங்கள். அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக இல்லை. “இது நம்ம சின்ன மாமாதானே?” என்ற கேள்வியைத் தாண்டி அவர்களால் படிக்க முடியாது. ஐந்தாறு பேர் போதும். நாவல் படிப்பதையே வழக்கமாகக் கொண்ட, எழுதாத வாசகர் மூன்று பேர். எழுதுகிறவர் ஒருவர் அல்லது இருவர். கதை நடக்கும் தொழிலை, ஊரை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர். இந்தக் கடைசி ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டி வியர் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டபோது, அதிலிருந்த அறிவியல் பிழைகளை வாசகர்களே சுட்டிக்காட்டினார்கள். அவர் திருத்திக்கொண்டே போனார். நாவல் அச்சுப் புத்தகமாகப் பெரிய பதிப்பகத்திலிருந்து வந்தது பிறகு, 2014-ல்தான்.

முழு நாவலையும் ஒரே மூச்சில் அனுப்ப வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்கள், சுமார் 40 பக்கம். மீதியைக் கேட்டு வாங்குகிறாரா என்பதே முதல் விமர்சனம். யூனிகோடில் அனுப்புங்கள், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அவர் போனில் கிறுக்கலாகத் திறக்கும். பெரும்பாலானவர்கள் போனில்தான் படிப்பார்கள், அதில் பக்க எண்ணுக்குப் பொருளில்லை. பத்திகளுக்கு எண் போட்டுவிட்டால் “2-ம் அத்தியாயம், 14-ம் பத்தி” என்று சொல்ல அவருக்கு வசதி. கூகுள் டாக்ஸ் என்றால் கருத்து எழுத மட்டும் அனுமதி கொடுங்கள், திருத்த அல்ல. முக்கியமாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி. ஒரே கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டால், முதலில் படித்தவர் ஓரத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அதையே வழிமொழிவார்கள். ஐந்து பேரின் கருத்து என்று நீங்கள் நினைப்பது ஒருவருடையதாக இருக்கும்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர் சார்” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள்? எந்தப் பத்தியைத் தாண்டிப் போனீர்கள்? யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பினீர்கள்? மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? நான்குமே அபிப்பிராயம் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்கின்றன. அதனால் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

பதில்கள் வந்த பிறகுதான் உண்மையான வேலை. திருப்பூரில் நடக்கும் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். ஜோதி ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கிறவள், அதாவது மெஷினில் உட்காரும் டெய்லருக்குத் துணி மடித்துக்கொடுக்கும் உதவியாள். இரண்டாம் அத்தியாயத்தில் ஆறு பக்கத்துக்கு மெஷின்களும் சனிக்கிழமைச் சம்பளமும் வருகின்றன. ஒருவர் சொல்கிறார்: “இழுவையா இருக்கு, ஒரு சண்டை வைக்கலாமே.” இன்னொருவர் மெஷின் வர்ணனையைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். திருப்பூரில் வேலை பார்த்தவரோ, “மெஷின் சமாச்சாரம் சரியா இருக்குங்க. ஆனா அஞ்சு வருஷமா கைமடிச்சுட்டு இருக்கறவ, மெஷின்ல உக்காரணும்னு ஆசைப்படவே மாட்டாளா?” என்கிறார்.

மூவர் சொல்லும் மருந்தும் வேறு வேறு. கை வைத்த இடம் ஒன்று. சண்டையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். முதல் அத்தியாயத்தில், எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் ஜோதி ஒரு வேஸ்ட் துணியை எடுத்து, டெய்லரின் மெஷினில் உட்கார்ந்து ஒரு கோடு ஓட்டிப் பார்க்கட்டும். நான்கு வரி போதும். அதன்பின் அந்த ஆறு பக்க வர்ணனை ஜோதியின் ஏக்கப் பார்வையாக மாறிவிடும், ஒரு சொல்லைக்கூடக் குறைக்க வேண்டியிருக்காது. வாசகர் காட்டும் இடத்தை நம்புங்கள், அவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டை உடனே வாங்கிவிடாதீர்கள். கருத்து சரிபாதியாகப் பிரிந்தால் உங்கள் விருப்பம்தான். கிங்கும் இதையே சொல்கிறார். பேசிவைத்துக்கொள்ளாமல் இருவர் ஒரே பத்தியைச் சுட்டினால், எவ்வளவு பிடித்த பத்தியாக இருந்தாலும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

கருத்து வந்த அன்று பதில் எழுத வேண்டாம், நன்றி மட்டும் போதும். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையில், தன் கதையை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொடுமையான ஏற்பாடு என்று இப்போது அதை விமர்சிக்கிறார்கள், அதுவும் நியாயமே. ஆனாலும் “நான் என்ன சொல்ல வந்தேன்னா…” என்று ஆரம்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அப்படி விளக்க வேண்டியது எதுவோ, அது நாவலில் இல்லை.

உங்கள் முறை வந்து மற்றவர் பிரதியைப் படிக்கும்போது ஒற்று மிகும் இடங்களை வேட்டையாடாதீர்கள். அந்தப் பத்தியே அடுத்த பிரதியில் இருக்குமோ இருக்காதோ. பாராட்டும்போது இடம் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். எதைத் தொடாமல் விடவேண்டும் என்பதும் எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

திருடிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் கதைக் கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால் தடயம் இருக்கும். பொதுவெளியில் முழுதாகப் போட்டுவிட்டால் ‘வெளிவராத படைப்பு’ கேட்கும் போட்டிகளுக்கு அனுப்ப முடியாமல் போகலாம், ஆகவே வட்டத்தைச் சின்னதாக வையுங்கள்.

ஒருவரால் ஒரு நாவலை ஒரு முறைதான் புதிதாகப் படிக்க முடியும். இரண்டாவது முறை படிக்கையில், நீங்கள் வெட்டிய காட்சியும் அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஆறு பேர் கிடைத்தால் மூவரிடம் மட்டும் இப்போது கொடுங்கள். மற்ற மூவரிடம், திருத்திய பிரதி தயாராக மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவையுங்கள்.