கொசஸ்தலை ஓரமாகச் சைக்கிள்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருந்துகொண்டு யாராவது கியர் வைத்த ரோடு சைக்கிள் வாங்கினால், "நம்ம பக்கம் ஓட்ட முடியாது, ஈ.சி.ஆருக்குப் போயிடுங்க" என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. கொஞ்சம் வசதியும் லீவும் உள்ளவர்களுக்கு அடுத்த யோசனை கம்பம் பள்ளத்தாக்கு. ஆறு, மலை, திராட்சைப் பந்தல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். இரண்டு யோசனையிலும் தப்பில்லை. ஆனால் அழகான ஊரில்தான் நல்ல சைக்கிள் பாதை இருக்கும் என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதையின் தரத்தை முடிவுசெய்வது ஆறு. ஓர் ஆறும் அதை ஒட்டி வளைந்து போகும் பழைய சாலையும் இருந்துவிட்டால் மற்றதில் பெரும்பகுதி தானாக அமைந்துவிடும். வடசென்னைக்கு அப்படி ஓர் ஆறு உண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையின் கடைசிச் சில கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, முழு ஆற்றையும் நாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

திராட்சைக் குன்று என்றதும் வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று ஜெர்மனியின் மோசெல் ஆறு. அங்கே கொடிகள் நிற்பது செங்குத்தான சரிவுகளில். சைக்கிள் ஓடுவதோ அடியில், தண்ணீரை ஒட்டிய சமதளத்தில். கம்பத்தில் கொடிகூட மலை ஏறவில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பன்னீர் திராட்சை வளர்வது பள்ளத்தாக்கின் தரையில் போட்ட பந்தல்களில்தான். 1895இல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி அந்தத் தரையை நனைக்கிறது. தேனியிலிருந்து கம்பத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஏறுவது ஏறத்தாழ நூறு மீட்டர். கால் அதை ஏற்றமென்றே உணராது. நம் ஆற்றுக்கு வருவோம். ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் பூண்டி ஏரி நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 140 அடி. எண்ணூரிலிருந்து அங்கே போகச் சாலை வழியே அறுபது எழுபது கிலோமீட்டர் ஆகும். மலைக்காட்சி நீங்கலாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகைப் பாதை. குறைந்த சரிவைத் தேடி ஆறு போகிறது, மாட்டுவண்டிக் காலத்துச் சாலை ஆற்றோடு போகிறது, தண்ணீருக்காக ஊர்கள் கரையோரம் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு டீக்கடை, ஒரு புளியமர நிழல், கேட்டால் காற்றடித்துத் தரும் பஞ்சர் கடை. கொல்கத்தா நெடுஞ்சாலையும் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையும் ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. துறைமுகத்துச் சரக்கு அந்தச் சாலைகளில் போய்விடுகிறது. காரனோடை தாண்டி ஆற்றோரமாக மேற்கே போனால் கண்டெய்னர் லாரி அருகிப்போவதற்கு இதுவே காரணம். செங்கல் லாரியும் மண் லாரியும் அங்கேயும் வரும். அவற்றின் நீளம் வேறு, வேகம் வேறு.

"காரனோடைக்கு அப்புறம் சரி, அதுவரை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணூர் விரைவுச் சாலையும் திருவொற்றியூரிலிருந்து மணலி, நாப்பாளையம், வல்லூர் வழியாக மீஞ்சூர் போகும் சாலையும் சைக்கிளை மனதில் வைத்துப் போட்டவை அல்ல. ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் என்று நினைத்துக் கிளம்புவது வீண், துறைமுகத்துக்கு ஞாயிறு கிடையாது. இந்தப் பகுதியை ரசிக்க வேண்டியதில்லை. பாதுகாப்பாகக் கடந்தால் போதும். நாற்பதடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, மூலையை உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு இடைவெளி தெரிந்தாலும் டிரெய்லருக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவே நுழையக் கூடாது, சிக்னலில் அது நின்றுகொண்டிருந்தாலும் கூடாது. பின்னாலேயே நில்லுங்கள், டிரைவரின் கண்ணாடி உங்களுக்குத் தெரிகிற இடத்தில். கண்ணாடி தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. வரிசையாக நிறுத்திய லாரிகளைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் விட்டுப் போக வேண்டும். தூங்கி எழுந்த கிளீனர் சாலையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பார் என்று நம்ப முடியாது. இருட்டில் கிளம்பாமல், வெளுத்தவுடன் கிளம்புங்கள்.

காற்றைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அனல்மின் நிலையம், நிலக்கரி, சாம்பல், மணலி சுத்திகரிப்பாலை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரம் வரை பரவிய எண்ணெய்ப் படலம் வேறு. இங்கே மூச்சிரைக்க ஓட்டினால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். கடுமையாக மிதிக்கும்போது நுரையீரல் இழுக்கும் காற்று பல மடங்காகிறது, அதோடு தூசியும். ஆனால் இந்த ஆட்சேபம் சொல்வது எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதைத்தான். மீஞ்சூர் தாண்டும்வரை பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். வேகமெல்லாம் அதற்கு மேற்கே. விடியலில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று புகையைக் கடல்பக்கம் தள்ளும். கோடையில் முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்தால் அதே புகை ஊர்ப்பக்கம் திரும்பும். பூண்டியிலிருந்து கிழக்கே வருகிறவருக்கு அப்போது இரட்டை நஷ்டம், எதிர்க்காற்றும் புகையும் ஒன்றாகவே வரும். ஆகவே எவ்வளவு தூரம் போவது என்பதைவிட எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டிலேயே அந்த மணி ஆகிவிட்டால் அங்கேயே திரும்பிவிடலாம், பூண்டி எங்கேயும் ஓடிவிடாது. போகிப் பண்டிகைக் காலையில் மட்டும் சைக்கிளை வெளியே எடுக்காமல் இருப்பது உத்தமம்.

மூன்றாவது ஆட்சேபத்தை இளைஞர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்: எல்லாம் தட்டை, ஏற்றமே இல்லை, கால் எப்படித் தேறும்? இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிளைப் பின்னே இழுப்பது பெரும்பாலும் காற்றுதான். அந்த இழுவை, காற்று நம்மை மோதும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டரில் காற்று வீசினால் மோதும் வேகம் 40. இழுவை இரண்டரை மடங்கு. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ப் பார்த்தால் ஏற்றம் எங்கே என்று கேட்கத் தோன்றாது. அந்தப் பாதையில் திரும்பி வருவது சுகம், காற்று முதுகில் இருக்கும். முதலில் எதிர்க்காற்றில் போய் அப்புறம் அதே காற்றோடு திரும்புவது பழைய விதி. வாடைக் காலத்தில் பழவேற்காடு, மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடிக் காலையில் பூண்டி என்று வைத்துக்கொண்டால் விதி பொருந்தும். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குத் தயாராகிறவருக்கு இந்த இரண்டும் மாறி மாறிப் போதுமானவை.

ஒன்றை மட்டும் இந்தப் பக்கம் கற்றுக்கொள்ளவே முடியாது: இறக்கம். தேனிப் பக்கம் போடிமெட்டு மலைச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு எண்ணூர்க் காற்றில் பழகிய கால் உதவும்; இறங்குவதற்கு உதவாது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுப் பிடித்து, நேர்ச்சாலையில் ரிம்மை ஆறவிட வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே உச்சிக்குப் போகாமல், பாதி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் முழுதாகப் போகலாம்.

வண்டி விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. வெடித்த லாரி டயருக்குள் இருந்து பிய்ந்து வரும் எஃகுக் கம்பி, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அரை அங்குலம்கூட இருக்காது. ஆணி குத்தினால் அப்போதே தெரியும். இந்தக் கம்பி டயர் ரப்பருக்குள் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்கும். டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் சிறிது தூரத்தில் மறுபடி காற்றுப் போகும். டயரைக் கழற்றி உட்புறத்தில் பழைய பனியன் துணியை மெதுவாகச் சுற்றி இழுத்தால், கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். பிடுங்குவதற்குப் புருவ முடி எடுக்கும் சிறு கொறடு ஒன்று பையில் இருந்தால் போதும். கடலோர உப்பும் சாம்பல் தூசியும் சேர்ந்து செயினைத் தேய்ப்பது தனிக் கதை. திரும்பி வந்த அன்றே துடைத்து எண்ணெய் விடாதவருக்குச் செயின் செலவு அடிக்கடி வரும்.

மேற்கே போகப் போக ஆறு தன் பழைய வேலையைக் காட்டத் தொடங்கும். தாமரைப்பாக்கத்தில் 19ஆம் நூற்றாண்டு அணைக்கட்டு. அங்கிருந்துதான் ஆற்றுநீரைச் சோழவரம், செங்குன்றம் வழியாகச் சென்னைக்குத் திருப்பினார்கள். வெங்கல், சீத்தஞ்சேரி தாண்டினால் 1944இல் திறந்த பூண்டி நீர்த்தேக்கம், மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரில். அதற்கும் அப்பால் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்ட இடம். அங்கே கிடைத்த ஒரு வகைக் கருவிகளின் காலம் 3,85,000 ஆண்டுகள் வரை போகிறது என்று 2018இல் ஆய்வு வெளியானது. பூண்டியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பத்தில் திராட்சைக் கொடி இருக்கிறது என்று சொல்பவரிடம் இதைச் சொல்லலாம். இந்தப் பாதைக்கு உகந்தது தை தொடங்கிப் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் பூண்டியில் உபரிநீர் திறந்திருக்கிறார்களா என்று காலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்தால் ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலங்கள் மூழ்கும். முழங்கால் தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள், சுற்றுவழி எப்போதும் இருக்கிறது. குடிநீரை வீட்டிலிருந்தே இரண்டு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது, குழாயடித் தண்ணீர் கரிக்கும்.